ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லாதவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கிரிக்கெட் விளையாடியவன் இல்லை, கிரிக்கெட்டுக்குக் கணக்கு எழுதியவன். இருபது வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்களில் இதுதான் என் வேலை. பவுண்டரிக்கு வெளியே ஒரு மடக்கு மேசை, கூராகச் சீவிய இரண்டு பென்சில், ஒரு ரப்பர், நீள வாக்கில் விரியும் ஸ்கோர் புத்தகம். மைதானத்தில் எது நடந்தாலும் அந்தக் கட்டங்களுக்குள் வந்து விழுந்தாக வேண்டும். விழாதது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒருநாள் மத்தியானம் ஒரு ஆஃப் ஸ்பின்னர் எட்டு ஓவர் போட்டார். பத்து ரன்கூடக் கொடுக்கவில்லை. மட்டையாளர்களுக்கு மூச்சு முட்டியது. அந்த ஆத்திரத்தில் மறுமுனைப் பவுலரிடம் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி, வரிசையாக அவுட் ஆனார்கள். மறுமுனைக்காரருக்கு ஐந்து விக்கெட். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவர் தோளில் தட்டினார்கள். ஸ்பின்னர் என் மேசைக்கு வந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “சார், நான் எங்கே இருக்கேன்?” என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். விக்கெட் கட்டத்தில் ஒரு பூஜ்யம். சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

அந்தப் பூஜ்யத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அமெரிக்கர் ஞாபகம் வரும். பெயர் ஃப்ரெட் மார்பெர்ரி. நூறு வருஷத்துக்கு முன்னால் வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற அணிக்காகப் பேஸ்பால் ஆடியவர். அவர் செய்த வேலைக்கு அவர் காலத்து ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே கிடையாது. இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பேஸ்பாலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய பவுலருக்கு அங்கே பிட்சர் என்று பெயர். ஓடி வந்து போடுவதில்லை. சின்ன மண்மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்து எறிகிறார். பந்து தரையில் படாமல் நேராக மட்டைக்குப் போகும். ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 அவுட், ஆக மொத்தம் 27 அவுட் எடுக்க வேண்டும். ஓவர் என்ற பேச்சே இல்லை. இரண்டு முனையும் இல்லை. ஒரே ஆள்தான் ஒவ்வொரு பந்தையும் எறிகிறார். ரன் எடுக்க, மட்டையாளர் பேஸ் என்ற நிலைகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வர வேண்டும்.

இதில் ஒரு கொடுமையான விதி உண்டு. கிரிக்கெட்டில் கேப்டன் ஒரு பவுலரை நாலு ஓவர் போடவைத்து, ஓய்வு கொடுத்து, டீ முடிந்ததும் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் பிட்சரை ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பினால் அனுப்பியதுதான். அன்றைய ஆட்டத்துக்குள் அவர் திரும்ப முடியாது. அதனால் அந்த மாற்றத்தை எப்போது செய்வது என்பது அணியை நடத்தும் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும் முடிவு.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் செய்யவே மாட்டார்கள். ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும், அதுதான் ஆண்பிள்ளைத்தனம். 1904இல் நியூயார்க்கில் ஜாக் செஸ்ப்ரோ என்பவர் 51 ஆட்டங்களைத் தொடங்கி, அதில் 48ஐத் தானே முடித்தார். சை யங் என்பவர் வாழ்நாளில் 749 ஆட்டங்களை முழுமையாக எறிந்து முடித்திருக்கிறார். இனி ஒருவரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டார்கள். நடுவில் ஒருவர் இறங்குகிறார் என்றால் முதலாமவர் தோற்றுவிட்டார் என்று பொருள். இறங்குகிறவரும் வழக்கமாக இரண்டாந்தரப் பிட்சராக இருப்பார், இல்லையென்றால் நேற்று ஆடிய நல்ல பிட்சரையே அவசரத்துக்கு இழுத்து விடுவார்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மேனேஜர் ஜான் மெக்ராவ், 1909 வாக்கிலிருந்தே கிராண்டால் என்பவரைப் பெரும்பாலும் நடுவில் இறக்குவதற்கென்றே வைத்திருந்தார். சீக்காளி ஆட்டங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று பத்திரிகைக்காரர்கள் அவருக்கு ‘டாக்’ என்று பட்டம் கட்டினார்கள். ஆனால் அவர்கூட அவ்வப்போது ஆட்டத்தைத் தொடங்கியவர்தான். ஒரு முழு வருஷம் தொடக்கத்தில் ஒருமுறைகூட இறங்காமல், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்றே ஒரு நல்ல பிட்சரை ஒதுக்கி வைக்கும் துணிச்சல் 1925 வரை யாருக்கும் அவ்வளவாக வரவில்லை. அந்த நல்ல பிட்சர்தான் மார்பெர்ரி.

1898 நவம்பர் 30 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்ட்ரீட்மன் என்ற குக்கிராமம் போன்ற ஊரில் பிறந்தார். 1923 ஆகஸ்டில் வாஷிங்டன் அணிக்கு வந்தபோது வயது 24. அந்த வாஷிங்டன் அணியைப் பற்றி அப்போது ஒரு கேலி புழக்கத்தில் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டனைப் புகழ்ந்த பழைய வாசகத்தைத் திருப்பிப் போட்டு, “போரில் முதல், அமைதியில் முதல், அமெரிக்கன் லீகில் கடைசி” என்பார்கள். அப்பேர்ப்பட்ட அணி.

அதே 1923 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு குத்துச்சண்டை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூயிஸ் ஃபிர்போ, உலக சாம்பியன் ஜாக் டெம்ப்சியை ஒரே குத்தில் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்தார். டெம்ப்சி எழுந்து வந்து அடுத்த ரவுண்டிலேயே ஜெயித்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் ஃபிர்போவின் பெயர் ஊரெல்லாம் பரவியது. நம்முடைய மார்பெர்ரி நல்ல வாட்டசாட்டமான ஆள், ஃபிர்போவின் சாயல் வேறு. பிறகென்ன, ஃபிர்போ மார்பெர்ரி ஆகிவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பட்டப்பெயர் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? இன்றைக்கும் பேஸ்பால் பதிவுகளில் ஃபிர்போ என்று போட்டால்தான் அவர் கிடைக்கிறார்.

அவருடைய ஆயுதம் வேகம். நுணுக்கம், சுழல், ஏமாற்று எல்லாம் அப்புறம்தான். எறிவதற்கு முன் இடது காலை உயரத் தூக்குவார். அவருக்குப் பாதம் பெரிது. மட்டையாளருக்கு முதலில் தெரிவது ஷூவின் அடிப்பாகம், அதற்குப் பின்னாலிருந்துதான் பந்து புறப்படும். இதைச் சாயங்கால வெளிச்சத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மின்விளக்கு ஆட்டம் கிடையாது. பெரிய லீகுகளில் முதல் இரவு ஆட்டமே 1935இல்தான் நடந்தது. மத்தியானம் தொடங்கும் ஆட்டம் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வரும்போது வெயில் சாய்ந்து, அரங்கக் கூரையின் நிழல் மைதானத்தில் நீண்டு கிடக்கும். இரண்டு மணி நேரம் ஒரு பிட்சரின் வேகத்துக்குக் கண்ணைப் பழக்கி வைத்த மட்டையாளருக்கு எதிரே, திடீரென்று புது ஆள், புதுத் தோள், அந்த ஷூ. நான் மட்டையாளராக இருந்தால் அம்பயரிடம் வெளிச்சம் போதாது என்று முறையிட்டிருப்பேன்.

1924இல் வாஷிங்டன் அணியின் முதலாளி கிளார்க் கிரிஃபித், இரண்டாவது பேஸில் ஆடிக்கொண்டிருந்த பக்கி ஹாரிஸ் என்ற பையனை மேனேஜராக ஆக்கினார். வயது 27. ஊரே சிரித்தது. ஆனால் கிரிஃபித் தெரியாமல் செய்யவில்லை. அவரே பழைய பிட்சர். தன் காலத்தில் மேனேஜராக இருந்துகொண்டே, அடுத்தவர் தடுமாறும்போது தானே இறங்கி எறிந்து ஆட்டத்தை முடித்த அனுபவம் உள்ளவர். நடுவில் இறங்குவது இழுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் மார்பெர்ரி 50 ஆட்டங்களில் இறங்கினார். 14இல் தொடக்கம், 36இல் நடுவில். 11 வெற்றி, 12 தோல்வி. அன்றைய கணக்கில் இவ்வளவுதான். வெற்றியைவிடத் தோல்வி ஒன்று கூட, சுமாரான ஆள் என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் கேலிக்கு ஆளான வாஷிங்டன் அந்த வருஷம் பேப் ரூத்தின் யாங்கீஸ் அணியை 2 ஆட்ட வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி, வரலாற்றில் முதல்முறையாக லீகை வென்றது. முன்னிலையில் இருந்த எத்தனையோ ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் கைநழுவ விடாமல் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் உலகத் தொடர், அதாவது இரண்டு பெரிய லீகுகளை வென்ற அணிகள் மோதிக்கொள்ளும் தொடர். எதிரில் அதே மெக்ராவின் நியூயார்க் ஜயன்ட்ஸ். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள். வாஷிங்டனின் டாம் சாக்கரி 3க்கு 1 என்று முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்தார். அங்கே தடுமாறி, 3க்கு 3 ஆகிவிட்டது. இரண்டு அவுட், பேஸில் ஆள். ஹாரிஸ், மார்பெர்ரியைக் கூப்பிட்டார். அவர் ஒரே ஒரு மட்டையாளரைச் சந்தித்தார், டிராவிஸ் ஜாக்சனை. ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். வாஷிங்டன் திரும்ப மட்டை பிடித்து ஒரு ரன் எடுத்து ஜெயித்தது. வெற்றி யார் கணக்கில் போனது? சாக்கரி கணக்கில். முன்னிலையை இழந்தவர் பெயரில் வெற்றி, காப்பாற்றியவர் பெயரில் ஒன்றுமில்லை. எழுதிய ஸ்கோரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்த கட்டங்கள் இரண்டுதான், வெற்றி, தோல்வி. முதல் 26 அவுட்டை எடுத்த மனிதருக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

மூன்றாவது ஆட்டத்தை மார்பெர்ரியே தொடங்கினார், தோற்றார். நாலாவதில் கடைசி ஐந்து அவுட்டை எடுத்து முடித்துக் கொடுத்தார். இப்படியாக மூன்றுக்கு மூன்று என்று தொடர் ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. 1924 அக்டோபர் 10, வாஷிங்டன் கிரிஃபித் மைதானம். முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜும் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹாரிஸ் அன்றைக்குச் செய்தது வாஷிங்டன் மாதிரி ஊருக்கே பொருத்தமான சூழ்ச்சி. ஜயன்ட்ஸில் பில் டெரி என்று ஒரு இளைஞர். இடதுகை மட்டையாளர். அந்தத் தொடரில் வாஷிங்டனைப் போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் எதிரில் இடதுகைப் பிட்சர் என்றால் மெக்ராவ் அவரை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார். ஹாரிஸ் என்ன செய்தார்? கர்லி ஆக்டன் என்ற வலதுகைப் பிட்சரை முதலில் அறிவித்தார். மெக்ராவ் டெரியைப் பட்டியலில் போட்டார். ஆக்டன் இரண்டே இரண்டு மட்டையாளருக்கு எறிந்தார், ஒருவர் அவுட், ஒருவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போனார். அவ்வளவுதான், ஆக்டன் வெளியே. யார் கண்ணிலும் படாமல் கை பழக்கிக்கொண்டிருந்த ஜார்ஜ் மோக்ரிட்ஜ் உள்ளே வந்தார். இடதுகை.

டெரியால் இப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறாவது இன்னிங்ஸ் வரை வாஷிங்டன் 1க்கு 0 முன்னிலை. ஆறாவதில் ஜயன்ட்ஸ் இரண்டு ஆட்களைப் பேஸில் ஏற்றிவிட்டது, ஒரு அவுட்டும் இல்லை. அடுத்து டெரி. மெக்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. டெரியை வெளியே எடுத்து, ஐரிஷ் மியூசல் என்ற வலதுகைக்காரரை அனுப்பினார். ஹாரிஸ் காத்திருந்தது இதற்குத்தான். பிட்சருக்கு மட்டுமா, மட்டையாளருக்கும் அதே விதி. டெரி இனி அந்த ஆட்டத்துக்குள் வர முடியாது. ஹாரிஸ் மோக்ரிட்ஜை அனுப்பிவிட்டு வலதுகை மார்பெர்ரியைக் கூப்பிட்டார்.

மேட்டுக்கு நடந்து வரும் அந்த மனிதருக்குக் கிடைத்த சொத்தைப் பாருங்கள். இரண்டு எதிரிகள் ஏற்கெனவே பேஸில். அவர் ஏற்றியவர்கள் இல்லை. அவுட் பூஜ்யம். ஒரு ரன் முன்னிலை. தொடரின் கடைசி ஆட்டம். எதிரே ஜனாதிபதி.

மியூசல் தூக்கி அடித்த பந்து கேட்ச் ஆனது, ஆனால் அதற்குள் ஒருவர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். 1க்கு 1. ஹேக் வில்சன் ஒரு சிங்கிள். அடுத்து ஜாக்சன் தரையோடு அடித்த சாதாரணப் பந்து. முதல் பேஸில் நின்ற ஜோ ஜட்ஜ் தடவிவிட்டார். ஒரு ரன். அதற்கடுத்து ஹேங்க் கவுடியின் பந்து. ஆஸி புளூகி கையில் வந்து, கால் இடுக்கில் போனது. இன்னொரு ரன். 3க்கு 1. பிட்சர் தன் வேலையைச் சரியாகச் செய்து இரண்டு முறை அவுட் ஆகக்கூடிய பந்தை அடிக்கவைத்தார், இரண்டு முறையும் தன் ஆட்களே கைவிட்டார்கள். நம் ஊர் மைதானத்தில் என்றால் பவுலர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேப்டனைப் பார்த்து ஒரு முறை முறைப்பார். மார்பெர்ரி அந்த இன்னிங்ஸை முடித்தார். ஏழாவதிலும் எட்டாவதிலும் ஜயன்ட்ஸுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

எட்டாவதில் வாஷிங்டன் மட்டை பிடித்தபோது மார்பெர்ரியின் முறை வந்தது. ரன் வேண்டும், எனவே அவருக்குப் பதில் வேறொருவரை அடிக்க அனுப்பினார்கள். அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது. ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பேஸ் மூன்றும் நிறைந்தன. ஹாரிஸ் தரையோடு அடித்த பந்து, மூன்றாவது பேஸில் நின்ற 18 வயதுப் பையன் ஃப்ரெடி லிண்ட்ஸ்ட்ராமின் தலைக்கு மேல் எகிறிப் போனது. இரண்டு ரன். 3க்கு 3.

ஒன்பதாவது இன்னிங்ஸில் வால்டர் ஜான்சன் மேட்டுக்கு வந்தார். அந்த ஊரின் சாமி மாதிரி அவர். பதினெட்டு வருஷமாக அந்தத் தோற்கும் அணிக்காக எறிந்து எறிந்து, 36 வயதில் முதல் உலகத் தொடர். அதிலும் ஏற்கெனவே இரண்டு ஆட்டம் தோற்றிருந்தார். நாலு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாவதில் ஜயன்ட்ஸ் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கவுடி, பந்தைப் பிடிக்க ஓடியபோது தான் கழற்றிப் போட்ட முகமூடியிலேயே கால் மாட்டித் தடுமாறினார். தப்பித்த மட்டையாளர் ரூயல் அடுத்து இரண்டாவது பேஸ் வரை அடித்துப் போனார். பிறகு மெக்நீலி தரையோடு அடித்த பந்து, மறுபடியும் லிண்ட்ஸ்ட்ராம் தலைக்கு மேல் எகிறியது. அதே பையன், அதே இடம். கல்லில் பட்டது என்பார்கள். 4க்கு 3. வாஷிங்டன் உலக சாம்பியன். ஊர் விடிய விடியக் கொண்டாடியது. வெற்றி, வால்டர் ஜான்சன் கணக்கில். எனக்கு அதில் பொறாமை இல்லை. பார்க்கப் போனால் அன்றைக்கு ஜான்சனும் நடுவில் இறங்கிய பிட்சர்தான், அதை யாரும் அப்படி நினைப்பதில்லை.

1925. இந்தமுறை மார்பெர்ரி 55 ஆட்டங்கள், ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. எல்லாமே நடுவிலும் கடைசியிலும். ஒரு பருவத்தில் 50 முறைக்கு மேல் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர்தான். வாஷிங்டன் மறுபடி லீகை வென்று, உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸைச் சந்தித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. எட்டாவது இன்னிங்ஸ், வாஷிங்டன் 4க்கு 3. மேட்டில் மார்பெர்ரி. எர்ல் ஸ்மித் என்பவர் வலப்பக்கமாகப் பந்தைத் தூக்கி அடித்தார். சாம் ரைஸ் பின்னோக்கி ஓடி, எட்டிப் பிடித்து, தற்காலிகமாகக் கட்டியிருந்த பார்வையாளர் பலகைகளுக்குள் தலைகுப்புற விழுந்து மறைந்துவிட்டார். சில நொடி ஆளையே காணோம். அப்புறம் பந்தோடு எழுந்து வந்தார். அம்பயர் அவுட் கொடுத்தார். பிட்ஸ்பர்க் முதலாளி மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்து சண்டை போட்டார். கீழே விழுந்த பந்தை ரசிகர் எவரோ எடுத்துக் கையில் கொடுத்திருப்பார் என்று சந்தேகம். ரைஸிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அம்பயர் அவுட் என்று சொன்னார் என்பதுதான் பதில். கடைசியில் ஒரு கடிதம் எழுதி, நான் செத்த பிறகு பிரியுங்கள் என்று பேஸ்பால் புகழரங்கில் கொடுத்து வைத்தார். 1974இல் அவர் இறந்ததும் பிரித்தார்கள். பந்து என் கையை விட்டு ஒருபோதும் போகவில்லை என்று எழுதியிருந்தார். ஐம்பது வருஷம் ஒரு கேட்சைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! அந்தப் பந்தை எறிந்தவர் யார் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்து, ஒரு ரன்கூட விடாமல் அந்த ஆட்டத்தை முடித்தவரும் அவர்தான்.

அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆதங்கம்தான். மழை, சேறு, மூட்டம். வாஷிங்டன் முதல் இன்னிங்ஸிலேயே நாலு ரன் எடுத்தது. மேட்டில் வால்டர் ஜான்சன். பிட்ஸ்பர்க் அவரை அடித்துக்கொண்டே இருந்தது, மொத்தம் 15 ஹிட். ஈர மண்ணில் கால் வழுக்கியது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று போய்க்கொண்டே இருந்தது, ஹாரிஸ் ஜான்சனை மாற்றவே இல்லை. ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கென்றே ஒரு மனிதரை வருஷம் முழுக்கத் தயார் செய்த மேனேஜர், அந்த வேலைக்கான நாள் வந்தபோது அவரைக் கூப்பிடவில்லை. ஒன்பதுக்கு ஏழு என்று தோற்றார்கள். உணர்ச்சிவசப்பட்டு உலகக் கோப்பையை விட்டுவிட்டாய் என்று லீகின் தலைவர் பான் ஜான்சன் தந்தியடித்துத் திட்டினார். தந்தி எழுதுவது சுலபம்தான். மேட்டில் நிற்பது ஊரின் சாமியாக இருந்தால் யார் போய்ப் பந்தை வாங்குவார்கள்? இருந்தாலும், மார்பெர்ரி அங்கே இருந்தார் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

1926இல் 64 ஆட்டங்கள். அந்த வருஷம் அமெரிக்கன் லீகில் வேறு எந்தப் பிட்சரும் அத்தனை முறை மேட்டுக்கு வரவில்லை. 12 வெற்றி, 7 தோல்வி. அதற்கப்புறம் நடந்தது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. படிப்படியாக அவரைத் தொடக்கத்திலும் அதிகமாக இறக்க ஆரம்பித்தார்கள். அதிலும் ஆள் சோடை போகவில்லை. 1929இல் 19 வெற்றி. 1930, 1931 இரண்டு வருஷமும் சேர்த்து 31 வெற்றி, 9 தோல்வி. இந்த எண்களைப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. இவ்வளவு நன்றாகத் தொடங்கத் தெரிந்தவரை ஏன் கடைசி வரை உட்காரவைத்தார்கள்? ஹாரிஸைக் கேட்டால், நல்லவர் என்பதால்தான் என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். ஆனால் சம்பளம் பேச உட்காரும்போது முதலாளி புரட்டும் பக்கத்தில் இருந்தது வெற்றி எண்ணிக்கை. அடுத்தவர் வெற்றியைக் காத்த கணக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை.

1932 டிசம்பரில் வாஷிங்டன் அவரை டெட்ராய்டுக்குக் கொடுத்துவிட்டு எர்ல் ஒயிட்ஹில் என்ற பிட்சரை வாங்கியது. வியாபாரமாகப் பார்த்தால் நல்ல வியாபாரம். ஒயிட்ஹில் 1933இல் 22 ஆட்டம் ஜெயித்தார், வாஷிங்டன் மறுபடி லீகை வென்றது. மார்பெர்ரி டெட்ராய்டில் அந்த வருஷம் 16, அடுத்த வருஷம் 15 வெற்றி. 1934இல் டெட்ராய்டும் லீகை வென்றது, உலகத் தொடரில் செயின்ட் லூயிஸிடம் தோற்றது. அந்தத் தொடர் மார்பெர்ரிக்குச் சரியாக அமையவில்லை.

1935இல் டெட்ராய்ட் அவரை விடுவித்தது. உடனே என்ன செய்தார் தெரியுமா? அதே அமெரிக்கன் லீகில் அம்பயர் ஆனார். நேற்றுவரை யாரை முறைத்துக்கொண்டு எறிந்தாரோ அந்த மட்டையாளர்களுக்கே ஸ்ட்ரைக், பால் சொல்லும் வேலை. அது ஒத்துவரவில்லை. மறு வருஷமே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு ஒரு ஆட்டம், பழைய வாஷிங்டனுக்குச் சில ஆட்டம் என்று எறிந்துவிட்டு டெக்சாஸுக்குத் திரும்பி, அங்கே சின்ன லீகில் சில வருஷம் ஆடினார். பெரிய லீகில் மொத்தம் 551 ஆட்டங்கள், 148 வெற்றி, 88 தோல்வி. 1949இல் ஒரு கார் விபத்தில் இடது கையை இழந்தார். எறிந்த கை வலது.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். 1960ஐ ஒட்டி சிகாகோவில் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற விளையாட்டு நிருபர், நடுவில் இறங்கும் பிட்சர்களை வெற்றி தோல்வியை வைத்து எடைபோடுவது அநியாயம் என்று ஒரு புதுக் கணக்கை எழுத ஆரம்பித்தார். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தில் இறங்கி, அதைக் கெடுக்காமல் முடித்துக் கொடுத்தால் ‘சேவ்’. நம் மொழியில் ‘காப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். 1969இல் அது அதிகாரபூர்வமான கட்டம் ஆயிற்று. அதே சமயத்தில் கணக்குப்பிள்ளைகள் சிலர், எனக்கு மிகவும் பிடித்த ஜாதி, பழைய ஆட்டங்களின் தாள்களை எல்லாம் தோண்டியெடுத்து, இந்தக் கட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் யார் யாருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மார்பெர்ரி வெளியே வந்தார். 1924இல் 15 காப்பு. 1926இல் 22. இருபதைத் தொட்ட முதல் ஆள். அந்த 22ஐத் தாண்ட 1949இல் யாங்கீஸின் ஜோ பேஜ் வர வேண்டியிருந்தது. 23 வருஷம் ஒரு சாதனை உலகத்துக்கே தெரியாமல் உலக சாதனையாக இருந்திருக்கிறது. மொத்தம் நூறை ஒட்டி வருகிறது. ஒன்றிரண்டு முன்பின்னாகச் சொல்வார்கள், பழைய தாள்கள் அப்படி. இவ்வளவும் இருந்தும் அவர் பேஸ்பால் புகழரங்கில் இல்லை. வால்டர் ஜான்சன் இருக்கிறார், ஹாரிஸ் இருக்கிறார், கிரிஃபித் இருக்கிறார், கடிதம் எழுதி வைத்த சாம் ரைஸும் இருக்கிறார்.

1976 ஜூன் 30 அன்று டெக்சாஸில் மெக்சியா என்ற ஊரில், பிறந்த ஊருக்கு அதிக தூரமில்லாத இடத்தில், 77 வயதில் இறந்தார். அதற்குள் ‘சேவ்’ கட்டம் தினசரிப் பத்திரிகைகளில் சாதாரணமாகிவிட்டது.

இந்த உரைக்காக அந்த 1924 ஏழாவது ஆட்டத்தைப் பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன், பந்து பந்தாக அல்ல, ஆள் ஆளாக. மார்பெர்ரி வரியில் இப்படி வருகிறது. இன்னிங்ஸ் 3. ரன் 1, அதுவும் பிழையால் வந்தது. வெற்றி இல்லை. தோல்வி இல்லை. புதுக் கட்டத்தையும் வலது ஓரத்தில் பென்சிலால் இழுத்து வைத்திருந்தேன். அவர் ஓரமாகப் போய் உட்கார்ந்த நேரத்தில் வாஷிங்டன் 3க்கு 1 என்று பின்தங்கியிருந்தது. முன்னிலை இல்லாத இடத்தில் காப்பு கொடுக்க விதியில் இடமில்லை. அதிலும் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

வணக்கம்.